இருபத்துநாலு மைல் வட்டம்

நான் போன தூரம்தான் உலகம் என்று ஒருவன் சொன்னால் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தத் தூரம்தான் எனக்குத் தெரியும் என்று சொன்னால் அடக்கமானவன் என்கிறோம். ஒருவன் இந்த இரண்டில் எதைச் சொல்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திண்டிவனம் சுமதிகுமாரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அவரை எல்லோரும் அறிஞர் என்று சொல்லிவிட்டதால் யோசிக்கும் வேலை மிச்சமாகிவிட்டது.

ஊரார் கமிட்டி என்று சொல்லும் நிலக்கடலை விற்பனைக் கூடத்தில் அவர் எடையாளர். வாரத்தில் ஆறு நாள் மூட்டைகளை நிறுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரலாற்றை நிறுத்தார். மூட்டை விஷயத்தில் எடை பிசகினால் கத்துவதற்கு விவசாயி பக்கத்திலேயே நின்றான். வரலாற்றுக்கு அப்படி யாரும் இல்லை.

செஞ்சிப் பக்கத்துப் பழைய சமணக் குடும்பம்; அவர்களை ஊரார் நைனார் என்பார்கள். உழுது பயிரிட்டவர்கள். அந்தப் பகுதிக் குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளும், பாறையில் வெட்டி வழவழப்பாக்கிய படுக்கைகளும் உண்டு. சில படுக்கைகளில் தலைமாட்டில் கல்லிலேயே தலையணை இருக்கும். அவற்றைத் தேடி 1977 முதல் எட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் சைக்கிளில் போனார். சைக்கிள் ஏறாத இடத்தில் அதைப் பனைமரத்தில் சாத்திவிட்டு நடந்தார். கேரியரில் பித்தளை டிபன், ஒரு அளவு நாடா, ஒரு கோடு போட்ட நோட்டு.

படுக்கை கிடைத்தால் முதலில் அதில் மல்லாந்து படுப்பார். நாடா பிறகுதான். பெரும்பாலான படுக்கைகள் அவர் உயரத்துக்கு அரைச் சாண் குறைந்தன. முனிவர்கள் குள்ளமானவர்கள் என்று நோட்டில் எழுதினார். உடம்பைக் குறுக்கிப் படுத்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒருமுறை அப்படிப் படுத்திருந்தபோது ஆடு மேய்க்க வந்த குப்பம்மாள் மேலே ஏறிவந்து பார்த்தார்.

“இன்னா சாமி, கல்லுல படுத்துகினு கீற? ஒடம்பு சரியில்லையா?”

“இது முனிவருங்க படுத்த எடம்மா.”

“பஞ்சபாண்டவரு படுக்கைன்னு சொல்லுவாங்க. யாரோ ஒருத்தரு. எழுந்திரு. எங்க வெள்ளாடு அங்கதான் குட்டி போடும்.”

நோட்டில் இந்தத் தகவல் இடம்பெறவில்லை.

அவருடைய பயணங்களுக்கு ஒரு விதி இருந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். இருட்டிய பின் உண்ணாதிருப்பது அவர்கள் வழக்கம். காலையில் கட்டிய சோறு மதியத்தோடு சரி; அதற்குமேல் வைத்திருந்து உண்பது தகாது. தண்ணீரும் துணியில் வடிகட்டிக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். ஆகவே காலையில் பொழுது கிளம்பிய பிறகு குளித்து, வணங்கி, சாப்பிட்டு ஏழரைக்குப் புறப்படுவார். எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குச் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்.

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வேளை தவறினால் பட்டினி கிடக்கலாம் என்பதும் அதே விதியில் இருந்தது. செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றில், ஒரு முனிவர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. சுமதிகுமார் அதன் முன்னால் கண்ணீர் மல்க நின்றிருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கியும் இருக்கிறார். அவருக்குப் பசி தாங்காது.

எட்டு வருஷ முடிவில் தென்னாற்காடு மாவட்ட வரைபடத்தில் தான் கண்ட இடங்களையெல்லாம் புள்ளிகளாக வைத்தார். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணிடம் காம்பஸ் வாங்கி ஒரு வட்டம் போட்டார். எல்லாப் புள்ளியும் உள்ளே விழுந்தது. தெற்கே விழுப்புரம் விளிம்பில் நின்றது. கிழக்கே பொம்மையார்பாளையத்தைத் தாண்டி வட்டம் கொஞ்சம் கடலில் இறங்கியது. மீன் பிடிக்கும் இடத்தை முனிவர்கள் தவிர்த்தார்கள் என்று அதற்கும் ஒரு வரி எழுதினார். அளந்து பார்த்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு இருபத்துநாலு மைல். தீர்த்தங்கரர்கள் இருபத்துநால்வர். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? இப்பகுதி முனிவர்கள் இந்த எல்லையைத் தாண்டித் தங்கவில்லை என்று இருபது பக்கக் கட்டுரை எழுதிவிட்டார். மதுரைப் பக்கம் மலைக்கு மலை படுக்கை இருப்பது அவருக்குத் தெரியும். அது வேறு கூட்டம் என்று ஒதுக்கினார். மார்கழியில் பகல் குறையும்போது தன்னால் இருபத்திரண்டு மைல்தான் போக முடிகிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதை எதனோடும் சேர்த்து நினைக்கவில்லை.

விழுப்புரத்தில் இருந்த ஒரு சங்கம் கட்டுரையை நூலாகப் போடுவதாகச் சொன்னது. மகாவீரர் ஜயந்திக்கு வெளியீடு. வரைபடத்தை அச்சடிக்க பிளாக் செய்ய வேண்டும், அதற்கு மாசிக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அவர் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் முறை.

மாசியில் ஒரு வியாழக்கிழமை, மேல்மலையனூருக்கு இந்தப் பக்கம் சாத்தக்குன்று என்ற சிற்றூரிலிருந்து ஜினமதி என்ற அம்மாள் கமிட்டிக்கு வந்தார். அவரும் சமணர், சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். செஞ்சியில் விலை படியாமல் பதினைந்து மூட்டை நிலக்கடலையோடு, அவர்கள் பேச்சில் மல்லாட்டையோடு, திண்டிவனம் வந்திருந்தார். எடை மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்தது.

“இன்னாண்ணா இது, கோலமா?”

“வரைபடம்மா. முனிவருங்க தங்கின எல்லை.”

“எங்க ஊரு எங்க கீது?”

அவர் காட்டினார். வட்டத்துக்கு வெளியே, ஒரு விரல்கடை தள்ளி.

“ஏன், எங்க ஊருன்னா அவுங்களுக்கு ஆவாதா? எங்க குன்னுல ஆறு படுக்கை கீதே. இந்த மல்லாட்டையே அதுல காஞ்சதுதான்.”

“அது சும்மா வழுக்குப் பாறையா இருக்கும்.”

“தலகாணி வெச்ச வழுக்குப் பாறையா?” ஜினமதி குனிந்து பார்த்தார். “நடுவுல ஊசி குத்துன ஓட்டை கீதே, அது எந்த ஊரு?”

“திண்டிவனம்.”

“திண்டிவனத்துல படுக்கை எங்க கீது?”

“நடுவுல இருக்கணும்னு கட்டாயம் இல்லம்மா.”

“அப்ப நடுவுல யாருதான் கீறாங்க?”

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பெரியதம்பி முதுகுச் சுமையோடு பதில் சொன்னார். “வேற யாரு? நம்ம நைனாருதான்.”

கூடமே சிரித்தது. சுமதிகுமாரும் சிரித்துப் பார்த்தார், வரவில்லை. எட்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வட்டத்துக்குள் இருந்தன. ஆறு படுக்கையும் உண்மையென்றால் அவர் வரைந்தது முனிவர்களின் எல்லை அல்ல. தன் வீட்டு அடுப்பிலிருந்து தன் வயிறு தாங்கும் தூரம்.

போகாமலே இருந்திருக்கலாம். பெரும்பாலான அறிஞர்கள் அதைத்தான் செய்வார்கள். வரும் ஞாயிறு போவதென்று முடிவு செய்தார். சனிக்கிழமை சைக்கிளை எண்ணெய் போடக் கொண்டுபோனபோது கடைக்காரர் தேவநாதன் கேட்டார்.

“அம்மாந்தூரம் எதுக்கு நைனாரே மிதிக்கிறீங்க? செஞ்சி பஸ்ஸு, அங்கேர்ந்து மலையனூர் பஸ்ஸு. ஜல்தியா போய்ட்டு வந்துடலாம்.”

“முனிவருங்க பஸ்ஸுலயாப்பா போனாங்க?”

“சைக்கிள்ல போனாங்களா?”

சுமதிகுமார் பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சி தாண்டியதும் பின் டயர் பஞ்சர். ஒட்டி முடித்து, கடைசி மூன்று மைல் மண் ரோட்டில் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி ஒன்று. ஜினமதி முன்னால் நடந்து குன்றேறினார். பாறைச் சரிவுக்குக் கீழே ஆறு படுக்கைகள். நான்கில் தலையணை. ஒன்றில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. எந்தக் கிறுக்கனும் வழுக்குப் பாறை என்று சொல்ல முடியாது. அவர் நாடாவை எடுத்து அளந்தார், இரண்டு தடவை.

“படுத்துப் பாக்கலையாண்ணா? எல்லா ஊர்லயும் படுப்பீங்கன்னு சொன்னாங்க.”

அவர் படுக்கவில்லை. அப்போதே கிளம்பினாலும் கீழ்க்காற்று எதிரே அடிக்கும், பொழுதுக்குள் திண்டிவனம் சேர முடியாது என்றார். குரலில் அழுகை இருந்தது என்று ஜினமதி பிறகு சொன்னதுண்டு.

“அதுக்கு ஏண்ணா பேஜாரு? எங்க வூட்ல சாப்டுட்டுப் போங்க. நாங்களும் பொழுதோடத்தான் சாப்புடுவோம். தண்ணி வடிகட்டிக் காச்சுனதுதான்.”

செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு. அதில் பாதி அவருக்கு உறவு. எட்டு வருஷத்தில் ஒரு வீட்டிலாவது உட்கார்ந்து உண்டிருந்தால் வட்டம் எங்கெங்கோ போயிருக்கும். உண்ணவில்லை. விருந்துக்கு உட்கார்ந்தால் ஆராய்ச்சிக்கு நேரம் போய்விடும் என்பார். மனைவி ரத்னமாலாவின் கைச் சமையல் அவருக்குப் பிடிக்கும் என்பதுதான் உறவினர் கருத்து.

மூன்று மணிக்கு கேப்பைக் களியும் பருப்புக் குழம்பும் வைத்தார்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

“இனிமே எங்க வூட்ட நடுவுல வெச்சு ஒரு வட்டம் போடுங்கண்ணா,” என்றார் ஜினமதி. “அந்தாண்ட திருவண்ணாமல வரைக்கும் போவும்.”

நிறைந்த வயிற்றோடு டைனமோ விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பினார். இருட்டில் மிதிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை என்று தெரிந்தது. வீட்டை அடைந்தபோது ஏழரை தாண்டியிருந்தது. ரத்னமாலா பாத்திரங்களை மூடி வைத்திருந்தார்.

“நான் சாப்டுட்டேன்,” என்றார் சுமதிகுமார். “அங்க ஒரு வீட்ல.”

“நல்லது.”

“நீ சாப்ட்டியா?”

“நீங்க வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். பொழுது போயிடுச்சு. இனிமே எங்க சாப்புடறது?” அவர் விளக்குத் திரியை ஏற்றினார். “உங்க முனிவருக்கு அம்பத்தேழு நாளு. எனக்கு ஒரு வேளைதானே. போங்க, காலு கழுவுங்க.”

முனிவர்களைப் பற்றி இருபது பக்கம் எழுதியவர் போய்க் கால் கழுவினார்.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனார். அச்சகத்தில் சவுரிராயன் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டுரைக்கும் அவர்தான் எழுத்துக் கோத்தவர், விஷயம் தெரியும்.

“ஐயா, வட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளி வெச்சிருக்கீங்க. சாத்தக்குன்று, ஆறு படுக்கைன்னு எழுதிகீது.”

“ஆமா.”

“கட்டுரையில வெளிய ஒண்ணுமே இல்லன்னு வருதே. அந்தப் பாராவ எடுத்துடட்டுங்களா?”

“வேணாம்.”

“அப்ப வட்டத்தப் பெருசாக்கிடவா? இன்னும் பிளாக் போடல.”

“வேணாம். இருக்கறபடி போடு.”

சவுரிராயன் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். அவர் வேலை அச்சடிப்பது. அடித்தார்.

மகாவீரர் ஜயந்தியன்று நூல் வெளியானது. இருபத்துநாலு என்ற எண்ணைக் கேட்டதும் கூட்டம் கைதட்டியது. பேசிய நால்வரும் வட்டத்தைப் பாராட்டினார்கள். வெளியே இருந்த புள்ளியை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த ஓரிருவர் மை தெறித்ததென்று நினைத்தார்கள். சுமதிகுமார் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நாலரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு அனுபவம் மனிதனை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் அவரைப் பார்த்து ஏமாந்து போயிருப்பார்கள்.

மறுவருஷம் நூல் தீர்ந்துபோய் இரண்டாம் பதிப்புப் பேச்சு வந்தது. இம்முறை சங்கச் செயலாளர் நேமிராஜ் கவனமாகப் படித்துவிட்டார். கட்டுரைக்கும் படத்துக்கும் முரண் இருக்கிறது, புள்ளியை எடுத்தால் போதும், அல்லது வட்டத்தைக் கொஞ்சம் விரித்தால் போதும், இரண்டில் எது என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் அச்சுக்குப் போக முடியாது என்று கார்டு போட்டார். பதிலுக்கும் சேர்த்து இரட்டைக் கார்டாகவே அனுப்பியிருந்தார்.

சுமதிகுமார் அதைக் கமிட்டி மேஜையில் வைத்து நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் எழுதினார்: “இரண்டும் அப்படியே இருக்கட்டும்.” கீழே கையெழுத்து. காரணம் எழுத முக்கால் கார்டு காலியாக இருந்தது.