இரண்டாம் முறை எம்பினான்

என் தம்பிக்குப் பதினேழு வயது, ஆறரை அடி உயரம். திருநள்ளாற்றில் நான் வேலை பார்க்கும் விளக்குக் கடைக்கு வந்தால், சனிக்கிழமைக் கூட்டத்திலும் அவன் தலை தனியாகத் தெரியும்.

"மேல காத்து எப்புடிடா இருக்கு?" என்பார் பக்கத்துப் பூக்கடைக்காரர்.

"காத்து நல்லாருக்குண்ணே. ஒங்க வழுக்கையிலதான் கண்ணு கூசுது."

நிற்கும்போது அவன் கை முழங்காலைத் தொடும். அப்படிக் கை இருந்தால் ராஜயோகம் என்று அப்பா நம்பினார். வயலில் யாரைப் பார்த்தாலும், "நாட்ட ஆளுற கைப்பா எம் புள்ளைக்கு" என்பார்.

காரைக்கால் மைதானத்தில் கூடைப்பந்து கோச்சும் முதல் நாள் அந்தக் கைகளைத்தான் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். ஆனால் பெரிய ஆட்டக்காரனாக வருவானா என்று கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழி இருந்தது. பந்தைக் கூடைக்குப் பின்னாலிருக்கும் பலகையில் எறிவார்; அது திரும்பி வரும்போது எம்பிப் பிடிக்க வேண்டும்.

"மொத தடவ எல்லாரும் எம்புவான். பந்து தப்புனதும், கீழ வந்த காலோட மறுபடி எம்புறான் பாரு, அவன்தான் வருவான்."

தம்பி மறுபடி எம்பமாட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ஒடம்பு இருக்கு, வெறி இல்ல" என்றார் கோச்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. முட்டையும் கஞ்சியும் கொடுத்து, தினமும் காலையில் நெற்களத்தில் குதிக்கவிட்டார்.

"நெஞ்சு படபடங்குதுப்பா."

"பயம்டா அது. ஆட ஆட போயிடும்."

புதுச்சேரி அணிக்கு ஆள் எடுத்த அன்று பந்து தப்பியதும் அவன் மறுபடி எம்பினான். பிடித்தும்விட்டான். கோச் கைதட்டினார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் கிழிந்துவிட்டதாம். நீளக் கை, நீள விரல், இந்த வளர்த்தி எல்லாமே பிறவி நோயின் அடையாளமாம்.

"அது ராஜா கைங்க" என்றார் அப்பா.

கருமாதிக்கு கோச் வந்திருந்தார். அப்பா அவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"எம் புள்ள வந்துருப்பானா சார்?"

"அந்த நோவோட ஆடவே கூடாதுங்க. தெரிஞ்சிருந்தா நானே நிறுத்திருப்பேன்."

"அதக் கேக்கல. மறுபடி எம்புனானே, பாத்தீங்கள்ல?"

"பாத்தேங்க."

"அப்பச் சொல்லுங்க."

கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துருப்பாங்க."

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைத்தான் சொல்கிறார். அவர் ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அன்றைக்கு அவன் தோற்றிருந்தால், சாயங்காலம் பைக்கில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பேன்.