வெளிச்சம் காணாதவர்

ஆர்வில் டாக்கெட் பதினோரு ஆண்டுகள் எங்கள் சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது தண்டனை அல்ல. சேர்ந்தவர்கள் முன்னால், சேராதவர்கள் பின்னால், அவ்வளவுதான். கென்டக்கியின் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் சபையில் சேரச் சொல்வதில்லை. கர்த்தர் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் பாட்டு நடக்கும்போது எழுந்து முன்னால் போய், தனக்கு நடந்ததை எல்லோர் முன்பும் சொல்வார். சபை கேட்டுவிட்டுக் கை தூக்கும். ஒரு கை தூக்கப்படாவிட்டாலும் சேர்த்துக்கொள்வதில்லை. எல்லாக் கையும் உயர்ந்தால் அவருக்குக் கை கொடுத்து, ஓடையில் ஞானஸ்நானம் செய்வார்கள்.

இருபது வயதில் முன்னால் போனவர்கள் உண்டு. எண்பதில் போனவர்களும் உண்டு. போகாமலே செத்தவர்கள்தான் அதிகம்.

ஆர்வில் நிலக்கரி லாரி ஓட்டினவர். பிறகு பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக். அறுபத்து நான்கு வயது. மனைவி ஓமா முப்பது வருடமாக முன் பெஞ்சில் உட்காருகிறவர். ஒரே மகள் ஜெர்லீன் ஒஹாயோவில் இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயதில், ஆர்வில் குடித்துவிட்டு ஓட்டிய லாரி மலை ரோட்டில் ஓடைப் பாலத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த ஜெர்லீனின் தோள் எலும்பு உடைந்தது. இன்றும் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க அவளால் முடியாது. கட்டுப் பிரித்த வாரம் கென்டக்கியை விட்டுப் போனாள். அதன் பிறகும் ஆர்வில் இரண்டு ஆண்டு குடித்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை குடிக்கவில்லை.

அன்று ஓமா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஆர்வில் அலமாரியைத் திறந்தார். பாட்டில் இருந்தது, பக்கத்தில் மாவு டப்பாவும் இருந்தது. பசித்தது. முதலில் கிரேவி செய்யலாம் என்று மாவை எடுத்தார். பாலில் கிளறினார், பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார். பாட்டிலை மறந்துவிட்டார் என்பது அடுத்த நாள் காலையில்தான் அவருக்குத் தெரிந்தது. அடுப்பின் முன்னால் நின்று “நன்றி” என்றார். யாருக்கு என்று யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாருக்கு என்று தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது அதைச் சொன்னார். கை ஓங்குவது நின்றது. பிறகு கத்துவது. பழைய சண்டைக்காரர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். சிலர் காபி கொடுத்தார்கள், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஜெர்லீனுக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

ஆனால் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்தார். முன்னால் போனவர்கள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. ஒருவர் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்த நேரத்தில் பகல் போல வெளிச்சம் பார்த்தார். ஒரு பெண் மாட்டுக்கு வைக்கோல் போடும்போது தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டார். கால் தரையில் படவில்லை என்றார்கள். மரமெல்லாம் புதிதாக இருந்தது என்றார்கள். சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதை ஆர்வில் பார்த்தார். அந்த முகத்துக்காக அவர் ஏங்கினார். ஓமாவிடம் ஒருமுறை கேட்டார்.

“உனக்கு அப்ப எப்படி இருந்துச்சு?”

“சொல்லத் தெரியல. கழுவி வெயில்ல கவுத்து வச்ச பாத்திரம் மாதிரி.”

“இப்பவும் அப்படித்தான் இருக்கா?”

“உன்னக் கட்டிக்கிட்டு அப்பப்ப அழுக்காகுது.”

கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்காருவது எஸ்டில். அவருக்கும் அறுபதுக்கு மேல். “நமக்கெல்லாம் கர்த்தர் போன் போட்டா, லைன் பிஸின்னுதான்டா வரும்” என்பார். ஆர்வில் சிரிப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் அது வலிக்கும்.

அந்தச் செப்டம்பரில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் விடவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் சபையை நடத்தும் பெரியவர் ஹோபர்ட் மேடையை விட்டு இறங்கிப் பாட்டின் முதல் அடியை எடுத்தார். சபை அதை இழுத்துப் பாடியது. இரண்டாவது அடி முடியும் முன் ஆர்வில் எழுந்துவிட்டார். தான் எழுந்ததைப் பார்த்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“போய்ட்டு வாடா” என்றார் எஸ்டில். “முன்னால எனக்கும் ஒரு எடம் புடிச்சு வை.”

ஓமா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஆர்விலால் உட்கார முடியவில்லை.

“சொல்லுங்க பிரதர்” என்றார் ஹோபர்ட்.

ஆர்வில் வாயைத் திறந்தார். செவ்வாய்க்கிழமையைச் சொல்லத்தான் திறந்தார். கிரேவியும் மாவு டப்பாவும் நினைவுக்கு வந்தன. இத்தனை பேர் முன்னால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

“மலைமேல லாரியில வந்துட்டிருந்தேன்” என்றார். “ஒரு வெளிச்சம்.”

பிறகு அதுவாகவே வந்தது. இந்த மாதிரிக் கதைகளை எத்தனையோ முறை கேட்டவர். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் இறங்க வேண்டும் என்று தெரியும். வெளிச்சம் கண்ணாடியை நிறைத்தது, ஸ்டீயரிங் தானே திரும்பியது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெண்கள் அழுதார்கள். அவரும் அழுதார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்த மாதக் கூட்டத்தன்று ஓடையில் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

அந்த நான்கு வாரமும் ஓமா பாத்திரம் கழுவும்போது பாடினார். ஜெர்லீனுக்கு தினமும் போன் செய்தார். “உங்கப்பா லாரியில வெளிச்சம் பாத்துருக்காருடி. ஆமா, அதே மலை ரோட்டுல” என்று சொல்வது கூடத்தில் இருந்த ஆர்விலுக்குக் கேட்டது. ஜெர்லீன் வருவதாகச் சொன்னாள். பதிமூன்று வருடத்தில் முதல் தடவை.

ஆனால் செப்டம்பர் கூட்டத்துக்கு மறுநாள் காலை ஆர்வில் அடுப்பைப் பற்றவைத்து “நன்றி” என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சொல்லைச் சொல்லிப் பார்த்தார். சொல் வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது அவருக்குப் புரிந்தது. ஏங்கி ஏங்கித் தேடின அந்தச் சந்தோஷம் தினமும் காலையில் இங்கேதான் இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் தெரியாமல் பதினோரு வருடம் வைத்திருந்து, பெரிதாக ஒன்று வேண்டும் என்று கொடுத்துவிட்டார்.

ஓமாவிடம் சொல்ல இரண்டு முறை போனார். முதல் முறை அவர் ஞானஸ்நானத்துக்கான வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் ஞாயிறு, சபை முழுவதும் ஓடைக் கரையில் நின்றது. ஹோபர்ட் இடுப்பளவு தண்ணீரில் நின்று கோலால் ஆழம் பார்த்தார். ஜெர்லீன் தன் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஆர்வில் வெள்ளைச் சட்டையில் கரை வரை வந்து நின்றுவிட்டார்.

“பிரதர் ஹோபர்ட், நான் எறங்கல.”

“சளி இன்னும் போகலையா?”

யாரோ சிரித்தார்கள்.

“நான் சொன்னது பொய்.”

பாட்டு நின்றது.

“எது பொய்?”

“வெளிச்சம். குரல். ஒண்ணும் நடக்கல. நீங்கல்லாம் சொன்னதத் துண்டு துண்டா எடுத்துத் தச்சுக்கிட்டேன்.”

ஹோபர்ட் கோலைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டார். தண்ணீர் அவரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. “அப்ப என்னதான் நடந்துச்சு?”

“ஒரு செவ்வாக்கெழம குடிக்கல.”

“புதன்கெழம?”

“அன்னைக்கும் குடிக்கல.”

“அவ்வளவுதானா?”

“காலையில ஆண்டவருக்கு நன்றி சொல்லுவேன். அடுப்புகிட்ட நின்னு. பொய் சொன்ன நாள்லேருந்து அது வரல. எனக்கு அது திரும்ப வேணும். நீங்க சேத்துக்கலைன்னாலும் பரவால்ல.”

யாரும் அழவில்லை. எஸ்டில் மட்டும் இருமினார். ஹோபர்ட் ஈரத்தோடு அங்கேயே சபையைக் கேட்டார்: இந்தச் சாட்சியின் பேரில் இவரை ஏற்கிறீர்களா? கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி உயர்ந்தன. ஓமாவின் கை உயரவில்லை.

“சிஸ்டர் ஓமா?”

“நான் தூக்கல” என்றார் ஓமா.

ஹோபர்ட் கரையேறினார். கூட்டம் கலைந்தது.

ஆர்வில் காருக்குப் போனபோது ஜெர்லீன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரும் புடிக்கறதுக்கு முன்னாடி நீயா ஒண்ண ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல.”

“இவ்வளவு தூரம் வந்தது வீணாப் போச்சு.”

“வெளிச்சத்தப் பாத்தவரோட என்ன பேசறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்ப்பா. எனக்கு ஒண்ணும் தோணல” என்றாள். “குடிக்காம இருக்கறவரோட பேசலாம். சாப்பிட என்ன இருக்கு?”

பீன்ஸும் சோள ரொட்டியும் இருந்தன. சாப்பாட்டின்போது ஜெர்லீன் பேசினாள், ஓமா பேசவில்லை. மகள் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“என் வாழ்க்கையிலேயே நல்ல வாரம் அந்த நாலுதான். அத எடுத்துட்ட.”

“ஆமா.”

“குடிச்ச காலத்துல கூட எங்கிட்ட நீ பொய் சொன்னதில்ல.”

“சொன்னேன். நெறைய. உனக்குத் தெரியல.”

ஓமா அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அடுப்பின் முன்னால் அந்தச் சொல் வந்தது. ஆர்வில் அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றார். வீட்டில் அவரோடு பேசாத மனைவி இருந்தார். அந்தத் துக்கமும் இருந்தது, இதுவும் இருந்தது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

நவம்பர் கூட்டத்தில் ஆர்வில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். “எடம் சூடு ஆறுறதுக்குள்ள வந்துட்டியேடா” என்றார் எஸ்டில். பாட்டு எடுக்கப்பட்டது. ஆர்வில் எழவில்லை. முன் பெஞ்சில் ஓமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அவர் ஏங்கியது முகத்துக்கு. இப்போது அந்த முதுகு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பரில் ஒரு காலை ஓமா வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

“யாரோட பேசற?”

ஆர்வில் திரும்பினார். “அன்னைக்கு ஓடையில சொன்னேனே. அதுதான்.”

“தெனமும் இதத்தானா?”

“தெனமும்.”

“பதினோரு வருஷமா நான் படுத்துக்கிட்டே கேக்கறேன்” என்றார் ஓமா. “நீ அடுப்பத் திட்டறேன்னு நெனச்சேன்.”

ஆர்வில் ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளினார். ஓமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ரொட்டி வெந்து முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறு பாட்டு நடுவில் ஓமா முன் பெஞ்சிலிருந்து எழுந்தார். எங்கள் சபையில் பெண்கள் பாட்டின்போது எழுந்தால் முன்னால்தான் போவார்கள். ஓமா பின்னால் நடந்தார். வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசி பெஞ்சில் எஸ்டில் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.

“பிரதர் ஹோபர்ட்” என்று அங்கிருந்தே உரக்கச் சொன்னார் ஓமா. “ஓடையில நான் கை தூக்கல. இப்பத் தூக்கறேன்.”

தூக்கிய கையை இறக்கி ஆர்விலிடம் நீட்டினார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் கைகுலுக்கிக்கொண்டதில்லை. எப்படிப் பிடிப்பது என்று ஆர்விலுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“ஓடையில ஓரமெல்லாம் பனிக்கட்டி” என்றார் ஓமா.

“தெரியும்.”

“அப்ப வா.”