செல்வம் அண்ணனின் லோரிக்காக நான் வேண்டியது

முருகன் அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். போன கந்த சஷ்டியில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியால் ஒரு நல்ல மனிதருக்கு வேலை போக இருந்தது. அப்போது எனக்குத் துணை என்று யாரும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். டீசல் என்ஜினில் டிப்ளோமா வாங்கினேன். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் பட்டறையில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பட்டறையில் மற்றவர்கள் கைப்பழக்கத்தில் தொழில் கற்றவர்கள். என்ஜின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியோடு நான் வந்தால், "டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க லா" என்று சிரிப்பார்கள். என்னை மனிதனாக மதித்துப் பேசியவர் செல்வம் அண்ணன்தான். கண்டெய்னர் இழுக்கும் பெரிய லோரியின் ஓட்டுநர்.

ஆயுத பூசை முடிந்த வாரத்திலிருந்து அவருடைய லோரி வழியில் நிற்கத் தொடங்கியது. கிளம்பும்போது நன்றாக ஓடும். ஒன்றரை மணி நேரம் போனதும் இழுவை குறையும், திணறும், அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குள் வந்தால் ஒரு குறையும் தெரியாது. ஸ்கேனர் ஒரே பதிலைத்தான் சொன்னது: என்ஜினுக்குப் போகும் டீசலில் அழுத்தம் போதவில்லை. பில்டரை மாற்றினேன். குழாய்களில் கசிவு பார்த்தேன். பம்பைக் கழற்றிச் சோதித்தேன். மறுபடியும் நின்றது.

மூன்றாம் முறை டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். மழைக்காலத்தில் எந்த டேங்கிலும் அவ்வளவு இருக்கும், எனக்கே தெரியும். ஆனால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுத வெட்கமாக இருந்தது. படித்தவன் அல்லவா! 'டீசலில் தண்ணீர் கலந்துள்ளது' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாஸ் அதைப் படித்துவிட்டு செல்வம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"டீசல வித்துட்டுத் தண்ணி ஊத்துறியா? எத்தன நாளா லா இந்த வேல?"

"பாஸ், என் புள்ளைங்க மேல சத்தியம். பதினோரு வருஷமா ஒங்ககிட்ட ஓட்டுறேன்."

"தம்பி எழுதிக் குடுத்திருக்கான் பாரு. படிச்ச பையன், சும்மா எழுதுவானா? இன்னொரு தடவ லோரி நின்னுச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போயிரு."

செல்வம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரொம்ப நன்றி, தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அடுத்த லோரிக்குப் போய்விட்டேன். தீபாவளிக்குக் கூட வீட்டுக்குப் போகவில்லை. அப்பா என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையாகப் பேசுவார், அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. சஷ்டி விரதம் தொடங்கியது. அறையில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் கண்ணீர்தான் வந்தது. என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

விரதத்தின் நான்காம் நாள், லோரியோடு நானும் போகிறேன் என்று பாஸிடம் கேட்டேன். "போ, போ. கையும் களவுமா புடிச்சிட்டு வா" என்றார்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியெல்லாம் ஜாம். இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பூச்சோங் நெருங்கும்போது லோரி திணறியது. ஓரமாக ஒதுக்குவதற்குள் அணைந்துவிட்டது.

செல்வம் அண்ணன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "முடிஞ்சிச்சு" என்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். அதே பதில். கருவியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். கண்டெய்னர் நிழலில் நின்று கைகூப்பினேன். "முருகா, எனக்குத் தெரியல. இந்த மனுஷனுக்கு வேல போகக் கூடாது. தப்பு எங்கன்னு காட்டு. அது என் தப்பா இருந்தாலும் காட்டு." இப்படி நான் அதற்கு முன் வேண்டியதே இல்லை.

அதற்குள் செல்வம் அண்ணன் இறங்கி வந்தார். "நின்னா மொதல்ல இதத்தான் பாப்பேன். டீசல் இருக்கா, நல்லா பாத்துக்க. இதையும் எழுதிக்க" என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

அந்த நொடியில் சாலையில் ஒரு வண்டியும் வரவில்லை. பூச்சோங் சாலையில், பட்டப்பகலில்! ஒரு லோரி கடந்திருந்தாலும் எனக்கு அது கேட்டிருக்காது. அதைத் தற்செயல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மூடியை வாங்கிப் பார்த்தேன். அதன் நடுவில் ஒரு சின்னத் துளை உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். காற்று போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். பட்டறையில் நான் டீசல் பார்க்கத் திறந்தபோதெல்லாம் நானே அதைச் சரியாக்கிவிட்டிருக்கிறேன். அந்தத் துளையின் மேல் கெட்டியாகச் சந்தனம், குங்குமம். அதற்கு மேல் ஒளி ஊடுருவும் டேப்.

சந்தனம் நான் வைத்தது. ஆயுத பூசையன்று எல்லா லோரிக்கும் பொட்டு வைத்தவன் நான்தான். மற்ற லோரிகளில் மழை கழுவிவிட்டது.

"டேப் யாருண்ணே ஒட்டுனது?"

"நான்தான். சாமி பொட்டு மழையில அழியக் கூடாதுன்னு..." என்றவர் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

டேப்பைப் பிய்த்தேன். கம்பி முனையால் துளையைச் சுத்தம் செய்தேன். அன்று மாலை வரை ஓட்டினோம். லோரி நிற்கவே இல்லை.

திரும்பியதும் எல்லார் முன்னாலும் பாஸிடம், நான் தெரியாமல் எழுதினேன், மூடியின் துளையை அடைத்தது நான் வைத்த சந்தனம்தான், செல்வம் அண்ணன் மேல் தப்பே இல்லை என்றேன். பாஸ் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். "மூக்க நீயே அடச்சிட்டு, நெஞ்சு சளின்னு சீட்டு எழுதினியா?" என்றார். பட்டறையே சிரித்தது. அதைக் கிழித்துப் போட்டார்.

செல்வம் அண்ணன் சிரிக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் மனம் முழுதாக ஆறியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இன்னும் அதே லோரியைத்தான் ஓட்டுகிறார். எனக்கு அது போதும்.

இப்போது ஸ்கேனரை மாட்டும் முன் ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். நின்றதும் என்ன செய்தார், எதைத் திறந்தார் என்று கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன்.

அடியார்களே, செய்த தப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக உட்கார்ந்திருப்பவர் நம்மில் இருக்கலாம். முருகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதில் நம் பக்கமே விரல் நீட்டினாலும் பயப்படாதீர்கள், அவன் கைவிடமாட்டான். பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் செருப்பு வைக்கும் இடத்தில் நிற்பேன். வந்து பேசுங்கள்.