புட்டா ஜாஸ்தி

ஆரணியில் பிறந்தவளுக்கு முகப்பரு வரக்கூடாது. வந்தால் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். பட்டுப்புடவையின் உடலில் ஜரிகையால் நெய்கிற சின்னச் சின்னப் பூவை நாங்கள் புட்டா என்போம். பத்தாம் வகுப்பில் கன்னம், நெற்றி என்று பாக்கியில்லாமல் எனக்குப் பரு கிளம்பியபோது, வகுப்பில் ஒருத்தி என்னைப் "புட்டா" என்றாள். அன்றோடு என் சொந்தப் பெயர் போயிற்று.

வேறு ஊராக இருந்தால் பள்ளி விட்டதும் அந்த வார்த்தை நின்றிருக்கும். இங்கே தெரு முழுக்க அதுதான் பேச்சு. "புட்டா சின்னதா போடுப்பா" என்று தறி வீட்டு ஜன்னலிலிருந்து குரல் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். விசேஷ வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்பே வைத்தியம் வரும். சந்தனம், பூண்டு, பற்பசை. கேட்காமலே வழங்குகிற தர்மப்பிரபுக்கள்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? போவதையே நிறுத்திவிட்டேன்.

கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் புடவை எடுக்க இரு வீட்டாரும் கடைக்குப் போனோம். அப்போதும் பரு அடங்கவில்லை. மாமியாராகப் போகிறவர் என் பக்கம் திரும்பி, "புட்டா ரொம்ப ஜாஸ்தியா கீதே" என்றார்.

"மருந்து போட்டுகினு இருக்கேங்க. கல்யாணத்துக்குள்ள கொறஞ்சிடும்" என்றேன்.

புடவை விரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அவர் மடியில் விரிந்திருந்த புடவையைக் கவனித்தேன்.

"நான் பொடவைய சொன்னேம்மா" என்றார், பாவம். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செத்துப்போகலாம் போலிருந்தது.

பரு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சில குழிகள் மட்டும் மிச்சம். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இன்று யாருமில்லை. ஆனாலும் கடைவீதியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் என் தலை தானாகத் திரும்புகிறது.

போன மாதம் என் மகளின் கன்னத்தில் பரு தொடங்கியது. அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. செல்பி எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்புகிறாள். எனக்குத்தான் பயம். களிம்பு வாங்கி வைத்தேன், வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினேன்.

நேற்று பள்ளியிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்க ஏதோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, என் கண்ணப் பாத்து கேளேன்."

பார்த்தேன். ஒரு நொடி நின்ற பார்வை மறுபடியும் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சொன்ன சேதி என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது.