இருபது மீட்டருக்கு எத்தனை வினாடி

அவர் கிரேன் ஓட்டுநர். பத்தொன்பது வருட அனுபவம். சுமையைக் கொக்கியில் மாட்டி ஒரு சாண் தூக்கியதுமே அதன் எடையைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை நாற்பத்தெட்டாவது வயதில் எழுத்துத் தேர்வு எழுதச் சொன்னார்கள். தேறாதவர்கள் கேபினில் ஏறக் கூடாது என்று புது விதி வந்திருந்தது. தேர்வில் பாதிக்கு மேல் இயற்பியல் கணக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவருக்கு மாதிரித் தாளைப் பார்த்ததுமே கண்ணைக் கட்டியது.

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள்தான் கைகொடுத்தாள். அவர் வேலை முடிந்து வந்ததும் இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவார்கள். எடை வேறு, நிறை வேறு என்று அவள் சொன்னபோது, இரண்டும் என் கயிற்றில்தானே தொங்குகிறது என்று மல்லுக்கு நின்றார். சுமையைக் கட்டித் தூக்கும் பெல்ட்டின் தடிமன் பாதியானால் அதே சுமையை அது இரண்டு மடங்கு இழுபட்டுத் தாங்க வேண்டும் என்பது மட்டும் சட்டென்று பிடிபட்டது.

மூன்றாவது வாரம், விழும் பொருள்கள். இருபது மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் சுமை தரையைத் தொட எவ்வளவு நேரமாகும்? இருபதை இரண்டால் பெருக்கினார், பத்தால் வகுத்தார், வர்க்கமூலம் எடுத்தார்.

"ரெண்டு செகண்ட். கரெக்டுப்பா," என்றாள் மகள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அவருடைய கிரேனில் பெல்ட் அறுந்து கம்பிக் கட்டு விழுந்தது. ஆறு மாடி உயரம். கீழே நின்றவன் அவர் மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். பெல்ட் உள்ளுக்குள் நைந்திருந்தது, ஓட்டுநர்மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். ஹாரன் அடித்ததாக இவர் சொன்னதை, சைட்டில் இருந்த இரைச்சலில் யாராலும் மறுக்க முடியவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் போயிருந்தார்.

இப்போது சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் இரண்டு முறை நகர்வதைப் பார்த்தார். அது அவ்வளவு குறைந்த நேரமில்லை.

மகளை உள்ளே போய் வேறு பாடம் படிக்கச் சொன்னார். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அன்னைக்கும் இதே உயரம்தானே?"

"ஆமா."

"நிஜமாவே ஹாரன் அடிச்சீங்களா?"

பொய் சொல்ல நினைத்தார்.

"இல்ல. கை எழும்பல. பார்த்துட்டே இருந்தேன்."

அவள் கையிலிருந்த சட்டையை உதறி, மறுபடி மடித்தாள்.

"அவன் மேல பார்த்தானா?"

"பார்க்கல."

"சரி," என்றாள்.

அழுவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்துவைத்தாள். மூவரும் சாப்பிட்டார்கள்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது, நாற்பத்தைந்து மீட்டர். மூன்று வினாடி என்று எழுதினார். தேறிவிட்டார். பக்கத்து வீடுகளில் முந்திக்கொண்டு சொன்னது மனைவிதான். காலையில் எப்போதும்போல அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறாள், எப்போதும்போலப் பேசுகிறாள். ஆனால் தம்பி பேச்சை எடுக்க அவர் வாயைத் திறந்தாலே ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுகிறாள். பின்னால் போய் அவளை நிறுத்தி, உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.