பரிசலில் எழுந்து நின்றது

எங்கள் மலையில் அந்தக் காலத்தில் ஆபீசர் யாராவது வந்தால் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்துவிட வேண்டும். தோளில் கிடக்கிற துண்டு கைக்கு வந்துவிடும். அப்படிச் செய் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாலும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். எங்கள் அப்பா இதில் கொஞ்சம் முந்திக்கொள்வார். அவர் எழுந்ததைப் பார்த்துத்தான் யாரோ வருகிறார்கள் என்று மற்றவர்களுக்கே தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அம்மா ஏழு மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அப்பா அம்மாவையும் என்னையும் மலையிறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். காவிரிக்கு அக்கரையில் கைராசியான பெண் டாக்டர் ஒருத்தி இருப்பதாக மாமா சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கிற ஆபீசில் எஞ்சின் படகு ஓட்டினார். மலையில் பிறந்தவனுக்குத் தண்ணியில என்னடா பிழைப்பு என்று ஊரில் கேலி செய்வார்கள். இக்கரையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் படகைக் காட்டினார்.

"வேகமாப் போகுமா மாமா?"

"போகும் கண்ணு. ஆனா பரிசல் துறைகிட்ட போகப்படாது. படகு தாண்டிப் போயிரும், அது கிளப்பிவிட்ட அலை போகாது. அதுதான் வந்து பரிசலை ஆட்டும்."

பரிசல்காரர் துடுப்பைத் தூக்கிக் காட்டினால் மெதுவாக வா என்று அர்த்தமாம். அதற்கும் முன்னாலேயே, தூரத்தில் வரும்போதே, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட வேண்டுமாம். பக்கத்தில் வந்து சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருகிற அலை படகையே தாண்டிக்கொண்டு போகுமாம். இதெல்லாம் அவர் சொன்னார். எனக்கு "போகும்" என்றது மட்டும்தான் காதில் நின்றது.

"நாளைக்கு நாங்க பரிசல்ல போறப்ப வேகமா வாங்க மாமா" என்றேன்.

நான் யாரிடமும் வாய் திறந்து எதுவும் கேட்கிற பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ மாமா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் பரிசல் ஏறினோம். நாங்கள் மூன்று பேர், வாழையிலைக் கட்டோடு ஒருவர், அப்புறம் பரிசல்காரர். அவர் அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்.

"அம்மிணி, நீ ஆடாம அசையாம இரு. மலைக்காரரே, உமக்கும் சேத்துத்தான். நடு ஆத்துல எந்திரிக்கிறவங்க அக்கரைக்கு நடந்துதான் வரோணும்."

"நாங்க எதுக்குங்க எந்திரிக்கப் போறோம்" என்றார் அப்பா.

பாதி ஆறு தாண்டியிருப்போம். மேற்கே எஞ்சின் சத்தம் கேட்டது. முன்மூக்கால் தண்ணீரை வெள்ளையாகப் பிளந்துகொண்டு மாமாவின் படகு வந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். பரிசல்காரர் துடுப்பைத் தூக்கினார். அதற்குள் ரொம்பக் கிட்ட வந்துவிட்டது. எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. படகு நின்றது, அலை நிற்கவில்லை. படகைத் தாண்டி எங்களைப் பார்த்து வந்தது.

அந்த அலையைத் தன்னால் சமாளித்திருக்க முடியும் என்று பரிசல்காரர் பிறகு சொன்னார். ஆனால் படகின் நடுவில் தொப்பி வைத்த ஓர் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்துவிட்டார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "ஏனுங்க" என்று அம்மா அவர் வேட்டியைப் பிடித்தாள். அவ்வளவுதான், தண்ணீர்.

பரிசல்காரர் என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். மாமா படகிலிருந்து குதித்து அம்மாவைப் பிடித்தார். எல்லோரும் கரை சேர்ந்தோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாத்திருச்சு என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அம்மா மணலில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள்.

"அசையுதாக்கா?" என்றார் மாமா.

அம்மா கையை எடுத்து வயிற்றின் இன்னொரு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் டாக்டர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

அதற்கடுத்த நாள் அதே ஆபீசர் டாக்டர் வீட்டுக்குக் காகிதத்தோடு வந்தார். தானும் படகில் இருந்தாலும் மேலே எழுதி அனுப்ப வேண்டும் என்று சொல்லி, படகு வேகமாக வந்ததா என்று மாமாவைக் கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போய் நின்றார்.

"மெதுவாத்தானுங்க வந்துச்சு. நான் எந்திரிச்சதுதானுங்க தப்பு."

"மச்சான், பொய் சொல்லாதீங்க" என்றார் மாமா மெல்ல.

"நான் எந்திரிச்சது பொய்யா?"

ஆபீசர் எழுதிக்கொண்டார். அப்பா கைநாட்டு வைத்தார். உள்ளே படுத்திருந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வேகமாக வரச் சொல்லி ஆற்றங்கரையில் மாமாவிடம் நான் கேட்டதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமாவின் வேலை போகவில்லை. மறுவருசம் மிளகு விற்க அப்பாவோடு கீழே போனபோது மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். ஆற்றில் ஒரு பரிசலும் இல்லை. ஆனாலும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஒரு தடவை முன்னால் பார்த்தால் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"முன்னால பாத்து ஓட்டுங்க மாமா" என்றேன்.

"பாக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பின்னாலேயே திரும்பினார். எங்கள் படகின் அலை விரிந்துபோய்க் கரையைத் தொட்டு, நாணலைக் கொஞ்சம் அசைத்துவிட்டு அடங்கியது. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்கு முன்ன மாதிரி படகு ஓட்டத் தெரியலம்மா. சும்மா பயந்துக்கறாரு."

அம்மாவின் கை நின்றது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.