மாமூல் மீன்

ராயபுரத்தில் மீன் விற்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் போலீஸ்காரருக்குத் தினமும் காசு வாங்காமல் மீன் கொடுப்பேன். அதுதான் மாமூல்.

ஹார்பரில் செம்புக் கம்பி திருடு போனது. அங்கே மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரரை அழைத்துப்போக அந்தப் போலீஸ்காரரே வந்தார். நானும் கிளம்பினேன்.

"நீ இன்னாத்துக்கும்மே வர்றே? நான் கீறேன்ல. சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவாங்க" என்றார்.

நம்ம மீனைத் தின்ற மனுஷனாச்சே என்று நம்பி, வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இவர் திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. அடித்திருக்கிறார்கள். திருடினவன் வேறு ஆள் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இவரிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் போலீஸ்காரர் கூடையண்டை நின்றார். "இன்னாம்மே, வஞ்சிரம் இல்லியா?"

"இல்ல" என்றேன். கூடையில் இருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாரைக் கூட்டிப்போனாலும் நானும் பின்னாலேயே போகிறேன். அவர்கள் வெளியே வரும்வரை மீன் கூடையோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.